காலண்டரின் அடியில் கடைப்பெயர்

ஆடி பதினெட்டு என்றால் காவிரிக்கரைக்காரர்களுக்குப் புதுவெள்ளம், சித்ரான்னம், தாலிக்கயிறு மாற்றுவது. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் அன்றைக்கு வேறொரு விசேஷம். சிவகாசி அச்சகங்கள் பூஜை போட்டு, வரப்போகிற ஆங்கில வருஷத்துக்கான காலண்டர் ஆல்பத்தை அன்றுதான் வெளியிடும். மாதிரிப் படங்களையெல்லாம் ஒன்றாகத் தைத்து, மூலையில் நம்பர் போட்டு, தூக்கினால் தோள் இறங்குகிற கனத்தில் ஒரு புத்தகம். அதை வாங்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்கக் கிளம்புகிறவர்களில் நானும் ஒருவன். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் என் லைன். எனக்கு முன்னால் அது அப்பாவின் லைன். அவர் சைக்கிள் கேரியரில் ஆல்பத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார். நான் டிவிஎஸ் 50-ல் ஆரம்பித்தேன்.

இப்போது கடைக்குக் கடை இன்ஸ்டாகிராம் பக்கம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ரீல்ஸ். "இனிமே காலண்டரை யாரு பாக்கப் போறா அண்ணாச்சி" என்று என்னிடமே அனுதாபப்படுகிறார்கள். அனுதாபம் கிடக்கட்டும். ஒரு சின்னக் கடை தன்னை நாலு பேருக்குத் தெரியப்படுத்திக்கொள்ள என்னென்ன செய்தது என்பதை இந்த இரண்டு ஊரிலும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்ததில் எனக்குப் பட்டது இது: இங்கே கடைப்பெயரை வைத்துப் பிழைத்தவர்கள் ஒரு ரகம், ஊர்ப்பெயரை வைத்துப் பிழைத்தவர்கள் இன்னொரு ரகம். கைபேசி புரட்டிப் போட்டது இந்த இரண்டாவது ரகத்தைத்தான்.

முதல் ரகத்திலிருந்து தொடங்குகிறேன், என் சோறு அதில்தானே இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் அடித்ததில் ஆளுக்கொரு அட்டையை எடுத்துப் பரணில் போட்டு வைப்பது அப்பாவின் பழக்கம். "போன தடவை மாதிரியே வேணும்னு கேட்டா எடுத்துக் காட்டணும்ல" என்பார். தேதித்தாளெல்லாம் போய், சாமி படமும் அடியில் கடைப்பெயரும் மட்டும் மிஞ்சிய அட்டைகள். படத்தை விட்டுவிட்டு அடியில் உள்ள பெயர் அச்சை மட்டும் வருஷ வரிசையில் பார்த்தால் இரண்டு ஊரின் வியாபார சரித்திரம் கையில் இருக்கிறது.

அறுபதுகளின் ஜவுளிக்கடை அட்டையில் கடைப்பெயர், தெரு, ஊர், அவ்வளவுதான். "தேரடி அருகில்" என்று போட்டால் மேற்கொண்டு விலாசம் தேவைப்படாது. பருத்தி, நூல் வியாபாரிகளின் அட்டையில் மட்டும் தந்தி முகவரி இருக்கும். வெளியூரோடு அவசரக் காரியம் இருந்தது அவர்களுக்குத்தான். 1972 ஆகஸ்டில் பின்கோடு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125, ராஜபாளையத்துக்கு 626117. அது அட்டைக்கு இறங்கச் சில வருஷம் பிடித்தது. "நம்ம கடைக்கு லெட்டரா எழுதிக்கிட்டு இருக்கான்" என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் அப்பாவிடம் சண்டை பிடித்தாராம். பிறகு மூன்று இலக்கத்தில் போன் நம்பர் எட்டிப் பார்க்கிறது. அதற்கப்புறம் 04563. இரண்டு ஊருக்கும் அந்த எஸ்டிடி கோடு ஒன்றுதான். மற்ற விஷயங்களில் எங்கள் இரண்டு ஊரும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. 2002, 2003 வாக்கில் எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டது. வைத்திருந்த பழைய பிளாக்குகள் அதோடு குப்பைக்குப் போயின. அதே சமயத்தில் செல் நம்பர் வந்தது. முதலில் முதலாளி நம்பர், அடுத்த வருஷம் மகன் நம்பர், அதற்கடுத்த வருஷம் மருமகன் நம்பர். அட்டையைப் பார்த்தே அந்தக் குடும்பத்தில் யார் கை ஓங்குகிறது என்று சொல்லிவிடலாம். பத்து வருஷம் கழித்து ஒரு நம்பருக்குப் பக்கத்தில் பச்சை வட்டம், வாட்ஸ்அப். பிறகு சதுரமாக ஒரு கியூஆர் கட்டம். கடைசியாக ஒரு '@' குறி போட்டு இன்ஸ்டாகிராம் பெயர்.

காலண்டரை ஒரு கடை யாருக்குக் கொடுக்கும் என்பதில் எழுதாத சட்டங்கள் இருந்தன. வருஷம் முழுக்க வாங்கிக் கணக்கு நேர் செய்தவருக்குப் பெரிய தினசரிக் காலண்டர். பாக்கி வைத்திருப்பவர் கேட்டால், "உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கிடுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். வந்தால் பாக்கியும் பேசலாம். எப்போதாவது வருகிறவருக்குப் பாக்கெட் அட்டை. கடைக்குப் புதிதாக வந்த கல்யாணப் பார்ட்டிக்குத் தாராளமாக ரெண்டு. முதலாளி கையால் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினால், ராகு காலம் எமகண்டம் பார்க்க, சந்திராஷ்டமம் பார்க்க, ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கண் அங்கே போகும். காசு கொடுத்துப் பேப்பரில் போட்ட விளம்பரம் மறுநாள் வடை மடிக்கப் போய்விடும். காலண்டர் முந்நூற்று அறுபத்தைந்து நாள் வீட்டோடு இருந்தது.

படத் தேர்வும் லேசுப்பட்ட காரியமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் படம் இல்லாத ஆல்பத்தைத் திறக்கவே விட மாட்டார்கள். கொண்டை சரியாகச் சாய்ந்திருக்கிறதா, கிளி இடது கையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிளி வலது கைக்கு மாறிய ஒரு படத்தை யாரோ ஓவியர் வரைந்து, அந்த வருஷம் அந்த நம்பர் இந்த ஊரில் ஒன்றுகூடப் போகவில்லை. ராஜபாளையத்தில் லட்சுமி, முருகன், அய்யனார் என்று பலவிதமாகக் கேட்பார்கள். கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த கொண்டையராஜு 1976-ல் காலமானார். அவரும் அவருடைய சீடர்களும் போட்ட முகங்கள்தான் இன்றைக்கும் எங்கள் பக்கத்துச் சாமிகளின் முகம். ஆல்பத்தில் கம்ப்யூட்டரில் செய்த சாமி எத்தனை வந்தாலும், பெரியவர்கள் விரல் பழைய லட்சுமியிடம்தான் போய் நிற்கும்.

தீபாவளி வரைக்கும் ஆர்டர். அரசு விடுமுறைப் பட்டியல் வந்ததும் தேதித்தாள் அச்சேறும். மார்கழியில் மூட்டை மூட்டையாகச் சரக்கு வரும். எங்கள் ஊரில் மார்கழியில் திருப்பாவைக்கு எழுந்திருக்கிறவர்கள் ஒரு பக்கம், காலண்டர் லாரிக்காக எழுந்திருக்கிறவன் நான் ஒரு பக்கம்.

காலண்டர் மட்டுமே விளம்பரம் என்று சொல்லவில்லை. ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லும், பின்னால் வந்த மில்களும் ஊரின் பணப்புழக்கத்துக்கு ஒரு தாளம் போட்டுக் கொடுத்தன. சம்பளத் தேதியை ஒட்டி பிட் நோட்டீஸ், தீபாவளி போனஸ் வாரத்தில் மைக் கட்டிய வண்டி, சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு முன்னால் கண்ணாடி ஸ்லைடு. கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுக்கிற மஞ்சப்பையில் ஒரு பக்கம் மணமக்கள் பெயர், மறுபக்கம் நகைக்கடைப் பெயர். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பெயர். எதைச் செய்தாலும் அது முகம் தெரிந்த ஆளுக்குச் சொன்னதுதான். இரண்டு ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் தாண்டி ஒருவனுக்குத் தன் பெயர் தெரிய வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் நினைத்ததில்லை. நினைத்து என்ன செய்ய? மதுரைக்காரன் சேலை எடுக்க இங்கே வரப்போகிறானா?

ஆனால் பால்கோவாக் கடைக்காரர்கள் என் ஆல்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எனக்குத் தொழில் புதிதாக இருந்த காலத்தில் அது பெரிய மர்மமாக இருந்தது. இவ்வளவு வியாபாரம் நடக்கிறது, ஐம்பது காலண்டர் போட்டால் என்ன?

யாருக்குக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். வாங்குகிறவன் ஊரில் இல்லை. 1927-ல் விருதுநகர் தென்காசி மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் குடைந்து கொல்லம் வரைக்கும் பாதை ஏற்கனவே இருந்தது. ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே ஒரு நிறுத்தம் ஆயிற்று. ரயிலுக்கு இணையாக மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலை. இப்போது அதற்குத் தேசிய நெடுஞ்சாலை 744 என்று பெயர். ஜூனில் சீசன் ஆரம்பித்தால் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள், கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க வருகிறவர்கள். வண்டி நின்றால் அரைக்கிலோ, கால்கிலோ. இன்று வாங்கினவன் அடுத்த வருஷம்தான் வருவான், வராமலும் போவான். அவனுக்குக் கடைப்பெயர் ஞாபகம் இருக்காது. "ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கினது" என்பது மட்டும் ஞாபகம் இருக்கும். அந்த ஒரு ஞாபகத்தை நம்பி ஒரு தொழிலே நடந்தது.

பால்கோவா இங்கே பழைய காலத்துப் பிரசாதம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு வயசு அதற்குக் கிடையாது. வடக்கேயிருந்து வந்து தங்கிய ராஜபுத்திரக் குடும்பத்தைச் சேர்ந்த தேவ் சிங் 1940களில் தொடங்கி வைத்தது என்பதுதான் ஊரில் சொல்லும் வரலாறு. மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மாடு வளர்ப்பு உண்டு, பால் உண்டு. எழுபதுகளில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பெரிய அளவில் கிண்ட ஆரம்பித்ததும் தொழில் விரிந்தது. செய்முறையில் ரகசியம் எதுவும் கிடையாது. பாலும் சர்க்கரையும் தவிர மூன்றாவது பொருள் சேராது. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பார்கள். விறகடுப்பு, பெரிய கடாய், அடி பிடிக்காமல் கிண்டுகிற கை. ரகசியம் இல்லாததால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். செய்தார்கள். தேரடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் மெயின் ரோட்டிலும் கடை பெருகிற்று.

அந்தக் கடைக்காரர்கள் என்னிடம் காலண்டர் போடவில்லையே தவிர, டப்பாவுக்கு வந்தார்கள். அட்டை டப்பா அச்சும் சிவகாசிதானே. அப்போதுதான் கவனித்தேன்: எல்லா டப்பாவிலும் ஒரே படம். பதினொரு நிலை ராஜகோபுரம். மேலே கொட்டை எழுத்தில் "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா". கடைப்பெயர் அதற்குக் கீழே, தேடினால் கிடைக்கும். "உங்க கடைப்பேரைக் கொஞ்சம் பெருசாப் போடுவோமே" என்று ஒருவரிடம் சொன்னேன். "எதுக்கு? கோபுரத்தைப் பாத்துத்தான வாங்குதான், என் மூஞ்சியப் பாத்தா வாங்குதான்?" என்றார். அந்தக் கோபுரம் தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருக்கிறது. 1949-ல் அந்தச் சின்னம் உருவானபோது எங்கள் ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜாதான் மாகாணத்தை ஆண்டார். அது மதுரை மேலக்கோபுரம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேரடியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். எப்படியானாலும், ரேஷன் கார்டிலிருந்து நீதிமன்ற சம்மன் வரை அச்சாகிற விளம்பரம் எந்த மிட்டாய்க்கடைக்குக் கிடைக்கும்?

ஊர்ப்பெயரில் ஒரு கஷ்டம் உண்டு. அதற்குச் சொந்தக்காரன் கிடையாது. மதுரை பஸ் ஸ்டாண்டில், சென்னையில் ஏதோ ஒரு பேக்கரியில், ரயில் பெட்டியில் கூடையோடு ஏறுகிறவரிடம், எங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அதில் எவ்வளவு மைதா, எவ்வளவு டால்டா என்று தின்றவருக்குத்தான் தெரியும். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பால்கோவாவுக்கு அது கிடைத்தது 2019 செப்டம்பரில். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சில வாரம் பின்னால். ஊரில் வெடி போட்டார்கள். ஆனால் பதிவு கிடைப்பது ஒன்று, அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமைக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனியே பதிந்துகொள்வது இன்னொன்று. அதற்குப் பிறகு எங்கோ ஓர் ஊரில் கள்ளப்பெயரில் விற்கிறவன் மீது வழக்குப் போட யார் நேரம் ஒதுக்குவது? கிண்டுகிற கையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது.

இந்த நிலைமையில்தான் கைபேசி வந்து சேர்ந்தது. வந்தது என்றால், கையில் இருந்த பொருள் வேறாக மாறியது என்று சொல்ல வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ, டேட்டாவை அள்ளிக் கொடுத்தது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் கடைக்காரர்களுக்கென்றே தனிச் செயலி விட்டது. கடைநேரம், விலாசம், பொருள் படம் எல்லாம் அதிலேயே போடலாம். அந்த வருஷம் ஆல்பம் தூக்கிக்கொண்டு போன எனக்கு முதல் அடி. "நம்பர் பதினேழையும் நாப்பத்தியொண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பிருங்க, நைட்டு வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றார்கள். தோள்பட்டைக்கு அது நல்லதுதான்.

பால்கோவாக்காரர்கள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச் கடைசியில் ரோடு காலியாகும் வரை. குற்றாலம் இல்லை, ஐயப்பன் இல்லை, ரயில் இல்லை. ஆனால் மாடு ஊரடங்கு பார்க்காது. காலையும் மாலையும் பால் வந்து நிற்கும். வழிப்போக்கனை மட்டும் நம்பிய தொழிலுக்கு வழியே அடைபட்டுப்போயிற்று. தெரிந்த ஒருவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், தன் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் கடாய்ப் படம் அனுப்பினார். அதில் முக்கால்வாசி உள்ளூர் நம்பர். அவர்களுக்கு எதற்கு பால்கோவா? ஆனால் உள்ளூர்க்காரனுக்கு வெளியூரில் பிள்ளை இருக்கிறான். படம் அப்படிக் கை மாறிப் போயிற்று. வண்டி ஓட ஆரம்பித்ததும் கோயம்புத்தூர், பெங்களூர் என்று பார்சல் கேட்டார்கள். வெளியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும் சரக்கு. கொரியர் இரண்டு மூன்று நாளில் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு பால்கோவாக் கடைக்காரர் டப்பாவில் கடைப்பெயரைப் பெரிதாக்கச் சொன்னார். போன் நம்பரும் போடச் சொன்னார். அக்டோபரில் சில்லறை இனிப்புக்கும் எத்தனை நாள் வரை நல்லது என்று தட்டுக்குத் தட்டு எழுதி வைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வர வேண்டியதாயிற்று.

ரீல்ஸ் அதே வருஷம் ஜூலையில் வந்தது, டிக்டாக்கைத் தடை செய்த சூட்டோடு. அப்புறம் கேமரா தூக்கிய பையன்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் எடுப்பது ஒரே காட்சி: தீ, கடாய், கரண்டி, ஆவி, "வேற லெவல் மக்களே". கொல்லைப்புறத்தில் கரியோடு கரியாக இருந்த அடுப்பைச் சிலர் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். கிண்டுகிறவருக்கு வெயில் ஒரு பக்கம், தீ ஒரு பக்கம். வீடியோவில் அவர் பெயரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு இதில் ஒரு மனக்குறை. காலண்டரை வாங்கினவனுக்குக் கடைக்காரரிடம் ஒரு கடன் உண்டு. அடுத்த தடவை வேறு கடைக்குப் போகக் கொஞ்சம் கூச்சப்படுவான். ரீல்ஸ் பார்த்தவனுக்கு யாரிடமும் எந்தக் கடனும் இல்லை. லட்சம் பேர் பார்த்தார்கள் என்று காட்டினார் ஒருவர். "எத்தனை கிலோ போச்சு?" என்றேன். பேச்சை மாற்றினார்.

ஊர்ப்பெயரின் இன்னொரு பிள்ளை நாலு காலில் நிற்கிறது. ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, அந்நியனைக் கண்டால் ஆகாது. 2005 ஜனவரியில் தபால்துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமாலய நாய்களோடு இதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் பெயர் சொன்னார். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பையையும் சொன்னார். அன்று சாயங்காலத்திலிருந்தே குட்டி கேட்டு போன் அடித்ததாக வளர்க்கிறவர்கள் சொன்னார்கள். முன்னெல்லாம் குட்டி வேண்டுமென்றால் தெரிந்தவர் மூலமாக வந்து, தாயையும் தகப்பனையும் பார்த்து, வீட்டில் ஒரு காபி குடித்து, அடுத்த ஈற்றுக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது வீடியோ. பேஸ்புக் தன் இடத்தில் பிராணிகளை விற்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. ஆகவே விலை போட மாட்டார்கள், "இன்பாக்ஸ் வாங்க" என்பார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது. வீடியோவில் வயசு தெரியாது. இந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறப்பதுண்டு, அதுவும் வீடியோவில் தெரியாது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தால் தெரியும். கைதட்ட ஆள் நேரில் வர வேண்டும்.

பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்து இந்தியா முழுக்க அனுப்புகிற ஊர். அவர்களுக்குக் காலண்டரும் வேண்டாம், இன்ஸ்டாகிராமும் வேண்டாம். வாங்குகிறது ஆஸ்பத்திரியும் மருந்து மொத்த வியாபாரியும். அடிபட்டவன் பிராண்டு கேட்க மாட்டான்.

நான் சொல்ல வந்தது தளவாய்புரத்தைப் பற்றி. ராஜபாளையத்துக்குத் தெற்கே செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் என்று அடுத்தடுத்த ஊர்கள். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் சத்தம். நைட்டி, இன்ஸ்கர்ட். ஓரிடத்தில் வெட்டுவார்கள், ஒரு வீட்டில் தைப்பார்கள், இன்னொரு வீட்டில் ஜிப் வைப்பார்கள், வேறொரு வீட்டில் நூல் வெட்டி மடிப்பார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பல வருஷமாக நடக்கிற தொழில். தமிழ்நாட்டில் பாதிப் பெண்கள் ஒரு தடவையாவது உடுத்தியிருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஆனால் அதைத் தளவாய்புரம் நைட்டி என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. மொத்த வியாபாரி வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவார், அவர் லேபிளைத் தைத்து விற்பார். பால்கோவாவுக்குச் சரக்கை மிஞ்சிய பெயர் இருந்தது. இவர்களிடம் சரக்கு மலையாகக் கிடந்தது, பெயர்தான் இல்லை. இங்கேயும் எனக்கு ஆர்டர் கிடையாது. பத்தே வாடிக்கையாளர்களுக்கு எதற்குக் காலண்டர்?

அந்த ஊரில் கைபேசி செய்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆரம்பித்தது பெண்கள். கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள், மிச்சம் பிடித்த பீஸுகளைக் கொடியில் போட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அந்த குரூப்பில் இருக்கிறவள் திருச்சியிலோ திருப்பூரிலோ வீட்டிலிருந்தபடி இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புவாள். அவளுக்கு ஒரு பீஸுக்கு இருபது முப்பது நிற்கும். "ரீசெல்லர்ஸ் வெல்கம்", "சிங்கிள் பீஸும் கொரியர் உண்டு", "கலர் கேரண்டி" என்பதெல்லாம் இப்போது அந்த ஊரின் பேச்சுமொழி. யூடியூப்பில் ஒரு பெண் நைட்டியை மேஜையில் விரித்து, உள்தையலைத் திருப்பிக் காட்டி, பாக்கெட்டுக்குள் கையை விட்டு, சைஸ் எக்ஸ்எல்லா டபுள் எக்ஸ்எல்லா என்று டேப்பை வைத்து அளந்து காட்டுவார். முகம் தெரியாது, வளையல் போட்ட கை மட்டும் தெரியும். மாடல் அழகி கிடையாது, பின்னணியில் பாட்டு கிடையாது, பக்கத்து வீட்டு மெஷின் சத்தம் கேட்கும். வாங்குகிறவளுக்கு வேண்டியது அந்த உள்தையல்தான். கடைக்குப் போனால் சேல்ஸ்மேன் எதிரில் திருப்பிப் பார்க்கக் கூச்சப்படுகிற இடம் அது.

பால்கோவாவை எடுக்கிற பையன்களின் வீடியோவையும் இந்தக் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வியாபாரம் என்று எனக்குச் சந்தேகமில்லை. வீடியோ போடுகிறவர்கள் தலைப்பில் கடைப்பெயரை விட்டாலும் விடுவார்கள், "தளவாய்புரம்" என்பதை விட மாட்டார்கள். லேபிள் இல்லாத ஊர் தனக்கு ஒரு பெயரை இப்படித்தான் தைத்துக்கொண்டது. மொத்த வியாபாரிகளுக்கு முதலில் கோபம். பிறகு அவர்களும் குரூப்பில் சேர்ந்துவிட்டார்கள். ஊர்ப்பெயருக்கு உண்டான வியாதி இங்கேயும் தொற்றிவிட்டது. எங்கோ தைத்ததைத் தளவாய்புரம் ரேட் என்று சொல்லி விற்கிறவர்கள் வந்தாயிற்று. முன்பணம் வாங்கிக்கொண்டு நம்பரை பிளாக் செய்கிறவர்களும் உண்டு. அதனால் புதிதாக வாங்குகிறவர்கள், "அக்கா, வீடியோ கால்ல வந்து தெருவைக் காட்டுங்க" என்று கேட்கிறார்களாம். காட்டுகிறார்கள்.

கடையே இல்லாமல் ஓர் அறையும் ஒரு போனுமாக வியாபாரம் செய்கிற ஒரு பெண், போன ஆடிக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். மாதக் காலண்டர் வேண்டுமாம். எனக்கு ஆச்சரியம். "யாருக்கும்மா கொடுப்பீங்க, கடைக்குத்தான் ஆள் வர்றதில்லையே?" என்றேன்.

"பார்சல்ல மடிச்சு வச்சு அனுப்பணும் அண்ணாச்சி. தொடர்ந்து எடுக்கிற ரீசெல்லருக்கு மட்டும். ஸ்டேட்டஸ் ஒரு நாள்ல போயிருது. சுவத்துல மாட்டினா இருக்கும்ல."

அடியில் என்ன போட என்று கேட்டேன். தெரு வேண்டாம், பின்கோடு வேண்டாம் என்றார். நடுவில் தளவாய்புரம் என்று பெரிதாக. அதன் கீழே வாட்ஸ்அப் நம்பர், கியூஆர் கட்டம். சாமி படமா, இயற்கைக் காட்சியா? எடுக்கிறவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பதால் பூ போதும் என்றார். பேசி முடித்து ஆல்பத்தை மூடப் போகையில், நிறையப் பேர் கொல்லம், புனலூர் பக்கம் இருக்கிறார்கள், மலையாள மாதம் சிங்கம் கன்னி எல்லாம் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்றார். சிவகாசியில் அதுவும் அடிக்கிறார்கள். ஆனால் அதற்கு வேறு ஆல்பம், வேறு ரேட். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.